போகாமல் சாகக்கூடாத ஊர்

உலகத்தில் வாய் படைத்தவர்கள் எல்லோரும் எந்த ஊருக்குப் போய் என்ன தின்ன வேண்டும் என்பதைத் தீர்மானிக்க ஓர் அமைப்பு இருக்கிறது என்பது போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு நெடுநாள் தெரியாது. அதுவரை அவர்கள் பசித்தால் வீட்டுக்குப் போய்த் தின்றுகொண்டிருந்தார்கள்.

அமைப்பின் பெயர் உலகச் சுவைத்தலப் பேரவை. தலைமையகம் ஏதோ ஒரு குளிர்நாட்டில், ஏரிக்கரையில். மண்டல அலுவலகம் மதுரையில், ஒரு நகைக்கடையின் மாடியில். பேரவை உலகத்து ஊர்களை மூன்று தரமாகப் பிரித்து வைத்திருந்தது. போகலாம், போக வேண்டும், போகாமல் சாகக்கூடாது. மூன்றாவது தரம் கிடைத்துவிட்டால் போதும், விமானம் விமானமாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். ஒரு தீவில் நண்டுக்காக இறங்கினார்கள். ஒரு மலைநாட்டில் பாலாடைக்கட்டிக்காக இறங்கினார்கள். இன்னோர் ஊரில் மண்ணில் புதைத்து அழுகவைத்த மீனுக்காக இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றுவிட்டுக் கண்ணீரோடு திரும்பினார்கள். இந்த மூலைக்கு மட்டும் அந்தப் பாக்கியம் இல்லை என்பது மண்டலச் சுவை அலுவலர் பிரபாகரனுக்குத் தீராத மனக்குறை.

பிரபாகரனுக்கு வயிற்றுப்புண். காலையில் கஞ்சி, மதியம் மோர்ச்சாதம், ராத்திரி பாலில் நனைத்த ரஸ்க். புளி, காரம், எண்ணெய் மூன்றையும் டாக்டர் நிறுத்தியிருந்தார். எந்த ஊர்ச் சாப்பாட்டின் மீதும் ஆசை இல்லாதவர்தான் பாரபட்சமில்லாமல் தீர்ப்புச் சொல்ல முடியும் என்று பேரவை அவரைத் தேடிப் பிடித்து நியமித்திருந்தது.

அவர் போடிக்கு வந்தது ஏலக்காய் வாசத்தை நம்பி. வருகிறார் என்று தெரிந்ததும் ஊரிலிருந்த ஓட்டல்களுக்குப் பைத்தியம் பிடித்தது. ஒரு கடையில் புரோட்டா சால்னாவில் ஏலக்காயைத் தட்டிப் போட்டார்கள். இன்னொரு கடையில் ஆம்லெட்டில் போட்டார்கள். பிரபாகரன் எதையும் தின்னவில்லை. முகர்ந்து பார்த்தே எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தார். மறுநாள் மலையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று கிளம்பியவருடைய கார், போடிமெட்டுக்குப் போகும் வழியில் ஒரு கொண்டைஊசி வளைவில் கொதித்து நின்றுவிட்டது. பின்னால் உரமூட்டை லோடோடு வந்த தவசியின் ஜீப்பில் அவர் ஏறிக்கொண்டார். போடியின் கெட்ட காலம் அந்த மூட்டைமேல் உட்கார்ந்து மலை ஏறியது என்றுதான் சொல்ல வேண்டும்.

தவசிக்குத் தினமும் ஒரே சோலி. விடிவதற்குள் போடியிலிருந்து தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே விடுவான். பகலில் லோடு அடிப்பான். சாயங்காலம் ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்குவான். அவன் மனைவி மாயக்காளும் அதே ஜீப்பில் போய், மேலே இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றில் காய் எடுப்பவள். மகள் ரோஜா போடியில் கல்லூரிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தோட்டத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் கொண்டுவந்த தூக்குச்சட்டிகளை ஒரு மரக்கிளையில் வரிசையாக மாட்டிவிட்டு வேலைக்கு இறங்குவார்கள். மதியம் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் ஓர் இலையை விரித்து, ஒவ்வொருத்தியும் தன் சட்டியிலிருந்து முதல் பிடியை அதில் வைப்பாள். மொச்சைக்குழம்புச் சோறு, கருவாட்டுக்குழம்புச் சோறு, புளிச்சோறு, வெறும் பழைய சோறு எல்லாம் அந்த இலையில் ஒன்றாகும். அன்றைக்கு யார் சோறு கொண்டுவரவில்லையோ அவர்களுக்கு அந்த இலை. ஏன் கொண்டுவரவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். இலையில் எல்லோரும் பிடி வைக்கும்வரை யாரும் தன் வாயில் வைக்கவும் மாட்டார்கள். இதற்குக் கூட்டுப்பிடி என்று பெயர்.

அன்றைக்குச் சோறு இல்லாமல் வந்தவர் பிரபாகரன். காரோடு அவருடைய மோர்ச்சாதமும் வளைவில் நின்றுவிட்டது.

"ஒரு வாய் திங்க சார்," என்று மாயக்காள் இலையை அவர் பக்கம் நகர்த்தினாள். "வெறும் வயித்தோட மலையில நிக்கப்படாது. கிறுகிறுன்னு வந்துரும்."

பசி டாக்டருடைய பேச்சைக் கேட்பதில்லை. பிரபாகரன் கருவாட்டுக் குழம்பைத் தொட்டார். பிறகு இலையை வழித்தார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நாக்கில் உறைப்பு பட்டதில் அவர் தேம்பித் தேம்பி அழுதார். பெண்களுக்குப் பாவமாகப் போய்விட்டது. வீட்டில் சரியாகக் கவனிக்க மாட்டார்கள் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு மாதத்தில் போடியில் பேரவையின் முகாம் அலுவலகம் திறந்தது.

முதலில் ஆய்வு நடந்தது. அதற்கென்று வித்யா என்ற ஆய்வாளர் வந்தார். அவர் அதே பெண்களின் சோற்றை டப்பாவில் அடைத்து மதுரைக்குக் கொண்டுபோய், குளிரூட்டிய அறையில் வைத்துப் பிரபாகரனுக்குக் கொடுத்தார். கஞ்சி குடித்துவிட்டு வந்திருந்த பிரபாகரன் ஒரு வாய் தின்று, சாதாரணம் என்றார். வித்யா அவரை மறுபடி மலைக்குக் கூட்டிப்போய்ப் பட்டினி போட்டுக் கொடுத்தார். தேவாமிர்தம் என்றார். சோறு அதேதான், குழம்பு அதேதான். ஆக, சமையல் குறிப்பில் எழுதப்படாத ஒரு பொருள் இருக்கிறது, அது பசி என்று வித்யா கண்டுபிடித்தார். இந்தக் கண்டுபிடிப்பைப் பாராட்டிக் குளிர்நாட்டிலிருந்து கேடயம் வந்தது.

இதில் ஒரு சிக்கல். உலகெங்கும் ஊர் ஊராகப் போய்த் தின்கிறவர்களுக்குப் பசிப்பதே இல்லை. ஓர் ஊர்ச் சாப்பாடு செரிப்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடுகிறது. அவர்களைப் பட்டினி போடவும் முடியாது, கட்டணம் கட்டியவர்கள். எனவே பசியை உள்ளூரிலேயே உற்பத்தி செய்து தருவது என்று முடிவாயிற்று. பசித்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, நடுவிலிருக்கும் இலையிலிருந்து விருந்தினர் ஒரு வாய் எடுத்துத் தின்றால், சுற்றியுள்ள பசி அந்தக் கவளத்தில் இறங்கும் என்று வித்யா படம் போட்டு விளக்கினார்.

தோட்டத்து முதலாளி நல்ல மனிதர், யார் கேட்டாலும் மறுக்க மாட்டார். மதிய நேரத்தை மட்டும் பேரவைக்குக் குத்தகைக்கு விட்டார். பேரவை தேறியவர்கள் என்று சொல்கிறவர்களுக்கு மட்டும் இனிமேல் தோட்டத்தில் வேலை.

அன்றிலிருந்து ஆட்கள் காலையில் சாப்பிடுவது நின்றது. போடி ஜீப் நிறுத்தத்தில் இருந்த இட்லிக்கடை, பருத்திப்பால் வண்டி எல்லாம் அப்புறப்படுத்தப்பட்டன. மலையடிவாரத்தில் ஒரு தட்டி மறைப்பு கட்டி, அதற்குள் வயிற்றுப் பரிசோதனை வைத்தார்கள். வித்யா ஒவ்வொரு பெண்ணின் வயிற்றிலும் டாக்டர் குழாயை வைத்துக் கேட்பார். கடமுட என்று சத்தம் வந்தால் மேலே போகலாம். சத்தம் இல்லையென்றால் தின்றுவிட்டு வந்திருக்கிறாள் என்று பொருள், வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தவசி வீட்டுக்கு எதிர்வீட்டுச் சுருளியம்மாளுக்குச் சத்தமே வரவில்லை. புருஷன் விட்டுவிட்டுப் போனவள். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவைக்கிறாள்.

"நேத்தே ஒண்ணும் திங்கலம்மா," என்றாள் சுருளியம்மாள். "முந்தாநாளு பிள்ளைக மிச்சம் வச்சத தின்னேன். அம்புட்டுத்தான்."

"பசித்த வயிறு பேசும். உங்களுடையது பேசவில்லை," என்றார் வித்யா.

ஒரு வேளைப் பசிதான் சத்தம் போடும், அதைத் தாண்டிவிட்டால் வயிறும் கத்தி என்ன ஆகப்போகிறது என்று சும்மா கிடந்துவிடும் என்பது ஆய்வில் இல்லை. சுருளியம்மாள் வயிறு நிறைந்தவள் என்று தள்ளுபடி செய்யப்பட்டாள். பிறகு கையைக் காலைப் பிடித்து, விருந்தினர் வரும் நாட்களில் வட்டத்தைக் கூட்டிப் பெருக்கும் வேலை மட்டும் வாங்கினாள். விருந்தினர் வராத நாளில் அதுவும் இல்லை.

இடையில் ஒரு புகார். ஏலமலைச் சாப்பாட்டில் ஏலக்காய் இல்லையே என்று குளிர்நாட்டிலிருந்து கேட்டிருந்தார்கள். காலமெல்லாம் ஏலக்காய் பறிக்கிற அந்தப் பெண்கள் ஒரு காயைக்கூடத் தங்கள் குழம்பில் போட்டதில்லை. ஒன்றை வாயில் போட்டாலே திருட்டு என்று கங்காணி சுடலை கூலியைப் பிடித்துவிடுவான். சுடலை மலைமேலேயே பிறந்து வளர்ந்தவன், பாதி மலையாளம் பேசுவான்.

"காய் ஞான் தரத்தில்ல சாரே," என்றான் கண்டிப்பாக. "ஏலத்துக்குப் போற சரக்கு. கொழம்புல போட்டா மொதலாளிக்கு யார் சமாதானம் சொல்றது?"

மூன்று நாள் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் ஒரே ஒரு ஏலக்காயை நூலில் கட்டி, ஒவ்வொரு சட்டிக்கும் மேலே ஒரு முறை சுற்றிக் காட்டிவிட்டுச் சுடலையிடம் திருப்பித் தந்துவிடுவது என்று உடன்பாடு ஆயிற்று. இதற்கு வாசனைச் சடங்கு என்று பெயரிட்டுப் பேரவை தன் வெளியீட்டில் படத்தோடு போட்டது. பண்டைக்காலந்தொட்டு வருகிற வழக்கம் என்றும் அடியில் எழுதியிருந்தார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். தவசிக்குச் சிரிப்பு வரவில்லை. மாயக்காளுக்குச் சர்க்கரை. தினமும் காலையில் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறவள். ஊசி போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும். முன்பெல்லாம் ஜீப் நிறுத்தத்தில் இட்லியைத் தின்றுவிட்டு வண்டியில் ஏறுவாள். இப்போது இட்லி தின்றால் வேலை போகும். ஊசி போடாவிட்டால் கண் மங்குகிறது, கால் எரிகிறது. போட்டுவிட்டுத் தின்னாமல் போனால் பத்தாவது வளைவுக்குள் கை நடுங்கி, உடம்பு தெப்பமாக நனைந்துவிடுகிறது. மடியில் கருப்பட்டித் துண்டு ஒன்றை ஒளித்துவைத்துக்கொண்டு, பரிசோதனை முடிந்ததும் ஜீப்பின் மூலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு சப்புவாள். கட்டிய மனைவி ஒரு துண்டு கருப்பட்டியைத் திருடி போலத் தின்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே தவசி வண்டி ஓட்டினான்.

"நீ வேலைக்கே வர வேணாம் புள்ள. நான் பாத்துக்கிறேன்," என்றான் ஒரு நாள்.

"என்னத்தப் பாப்பீக? நான் வேலைய விட்டு நின்னுட்டா உங்க ஜீப்புக்கும் சோலி இல்லேன்னு சுடல சொல்லிட்டான்ல. ரோஜா பரீட்சை முடியட்டும். அதுவரைக்கும் சமாளிச்சிர்றேன்."

தவசி முகாம் அலுவலகத்துக்குப் போனான். அங்கே பிரபாகரன் தட்டில் ரஸ்க் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வித்யா. பேரவை அலுவலகத்துக்குள் எல்லோரும் மேடையில் பேசுவதுபோலவே பேசுவார்கள்.

"சார், எம்பொண்டாட்டிக்கு மட்டும் காலையில சாப்பிட விட்ருங்க," என்றான் தவசி. "ஊசி போட்டுட்டு வயித்துக்கு ஏதும் குடுக்கலேன்னா ஆளு அப்பிடியே சரிஞ்சிருமாம். நர்சம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க."

"உங்கள் மனைவிக்குச் சர்க்கரை இருப்பதில் பேரவைக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை," என்றார் பிரபாகரன் கனிவாக. "பேரவை யாருடைய நோயிலும் தலையிடுவதில்லை. அது எங்கள் அடிப்படைக் கொள்கை."

"அப்ப சாப்பிடலாமா சார்?"

"தாராளமாக. உலகத்தில் யார் சாப்பிடுவதையும் பேரவை தடுக்க முடியாது. சாப்பிட்டவர்கள் வட்டத்தில் உட்கார முடியாது, அவ்வளவுதான்."

வித்யா ஆர்வமாக முன்னால் வந்தார். "உங்கள் மனைவி மாயக்காள்தானே? நான் சொல்லலாமா என்று தெரியவில்லை. இந்த மலையிலேயே முதல் தரமான பசி அவருடையதுதான். ஊசிக்குப் பிறகு அவர் வயிற்றில் வருகிற சத்தம் வேறு யாருக்கும் வருவதில்லை. இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு இட்லியால் கெடுக்கப் பார்க்கிறீர்களே."

"சத்தம் இல்லம்மா அது. உசுரு போற வலி."

"அதைத்தான் நானும் சொல்கிறேன்," என்றார் வித்யா. மாயக்காளை வட்டத்தில் விருந்தினருக்கு நேர் எதிரே உட்காரவைப்பது என்று அங்கேயே முடிவு செய்தார்கள். தவசி நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான். எதற்கு நன்றி சொன்னோம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தான். நம்மவர்களுக்கு ஆபீஸ் வாசல்படியைத் தாண்டினால் அது தானாக வாயில் வந்துவிடுகிறது.

மூன்றாம் தரம் தருவதற்காகப் பார்வையிடும் நாள் வந்தது. குளிர்நாட்டிலிருந்து தலைவரே நேரில் வருகிறார். சட்டிகளில் யாரும் வழியில் கைவைத்துவிடக் கூடாது என்று அடிவாரத்திலேயே தூக்குச்சட்டிகளின் மூடிகளை வாயோடு சேர்த்துக் கம்பி கட்டி, அரக்கு உருக்கி முத்திரை போட்டார்கள். மடிச் சோதனையும் நடந்தது. மாயக்காளின் மடியிலிருந்து கருப்பட்டி சிக்கியது. வித்யா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல பசிக்காரர் இப்படிச் செய்யலாமா என்று வருத்தப்பட்டார்.

"மதியம் சோறு தின்னுருவேன்ல. ஒண்ணும் ஆகாது," என்று மாயக்காள் தவசியிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

மதியம் வந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். சுருளியம்மாள் சுற்றிலும் கூட்டிப் பெருக்கி இலையை விரித்துவைத்துவிட்டு ஓரமாக நின்றாள். ஜீப்போடு அங்கேயே காத்திருக்கும்படி தவசிக்கு உத்தரவு. தலைவர் வரவில்லை. போடியில் ஒவ்வோர் ஓட்டல்காரரும் நடுரோட்டில் மாலையோடு நின்று அவரை மறித்து, ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்று ஊட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நிறைந்த வயிற்றோடு மலை ஏறியதில் வளைவுக்கு வளைவு கார்கள் நின்றன. சிலர் இறங்கி மலையைப் படம் எடுத்தார்கள். சிலர் இறங்கி வாந்தி எடுத்தார்கள். தகவல் மட்டும் கம்பியில்லாக் கருவியில் மேலே வந்துகொண்டிருந்தது. தலைவர் புறப்பட்டுவிட்டார். தலைவர் ஓய்வெடுக்கிறார். தலைவருக்கு இஞ்சி மொரப்பா கொடுக்கப்பட்டது.

வெயில் மரத்துக்கு அந்தப் பக்கம் சாய்ந்தது. மாயக்காளின் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. மலைக்குளிரில் அவளுக்கு மட்டும் ரவிக்கை நனைந்திருந்தது.

"மதினி, என்ன ஒரு மாதிரி இருக்கீக?" என்று சுருளியம்மாள் ஓடிவந்து அவளைத் தாங்கினாள். "ஒரு வாய் தின்னுட்டு உக்காருங்க."

"இலையில பிடி வைக்காம எப்பிடித் திங்கிறது..." மாயக்காளுக்கு நாக்குக் குழறியது. "விருந்தாளிக வரட்டும். வெளியூரு சனம். நாம முந்தித் தின்னுட்டம்னா அவுக என்ன நெனப்பாக?"

பேரவை போட்ட அரக்கைவிட இதுதான் கெட்டியான முத்திரை. அதைப் போட்டது பேரவை அல்ல. சோறில்லாமல் வந்தவருக்கு முதல் பிடி என்று யாரோ நல்ல மனதோடு ஏற்படுத்திய வழக்கத்தை, கார் வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் தின்றுகொண்டு வருகிறவர்களுக்காகவும் அந்தப் பெண்கள் விடாமல் காத்தார்கள். நினைத்தால் எனக்கு அவர்கள் மேலும் கோபம் வருகிறது. கோபப்பட்டு என்ன செய்ய.

தவசி ஜீப்பிலிருந்து ஸ்பானரை எடுத்துவந்து சட்டியின் கம்பியை நெம்பினான்.

"பார்வைக்கு வைத்த மாதிரி கெட்டுவிடும்! தொடாதீர்கள்!" என்று வித்யா கத்தினார்.

"டோ, வேலை வேணாமா உனக்கு?" என்று சுடலை கையைப் பிடித்தான். தவசி அவனைத் தள்ளிவிட்டு மூடியைப் பிய்த்தான். மொச்சைக்குழம்புச் சோறு. ஒரு பிடியை எடுத்துப் பிசைந்து மாயக்காளின் வாயில் வைத்தான்.

"முழுங்கு புள்ள. ஏ மாயக்கா, முழுங்கு. என் ராசாத்தில்ல, முழுங்கிரு."

சோறு கடைவாயில் அப்படியே இருந்தது. அவளுக்கு விழுங்கத் தெரியவில்லை. கண் திறந்திருந்தது. ஆனால் யாரையும் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் தலைவர் வந்து சேர்ந்தார். பின்னாலேயே கார்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்து, தோட்டத்தின் ஒரே மண்சாலையை அடைத்து நின்றன. தலைவர் நல்ல உயரம். கணவன் மனைவிக்குச் சோறு ஊட்டுகிற காட்சியைப் பார்த்ததும் அவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். மற்றவர்களும் கழற்றினார்கள். யாரும் நெருங்க வேண்டாம், இந்தத் தூய்மையைக் கலைக்க வேண்டாம் என்று அவர் சைகை காட்டினார். சுற்றிலும் காமிராக்கள் இயங்கின.

தவசியும் சுருளியம்மாளும் மாயக்காளைத் தூக்கி ஜீப்பில் போட்டார்கள். ஜீப்பை எடுக்க வழியில்லை.

"வண்டிய எடுங்கடா!" என்று தவசி கத்தினான். "சாகப் போறாடா! ஒதுங்குங்கடா, உங்களக் கும்பிடுறேன்!"

என்ன சொல்கிறான் என்று தலைவர் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் பிரபாகரனைப் பார்த்தார். பிரபாகரன் சற்று யோசித்துவிட்டு, விருந்தினரை வரவேற்கும் மலைப்பாட்டு என்றார். தலைவர் தாளம் தப்பாமல் தலையை ஆட்டினார்.

கார்களை ஒவ்வொன்றாகப் பின்வாங்கச் செய்து ஜீப் வெளியே வருவதற்குள் பொழுது இறங்கிவிட்டது. அதற்குள் விருந்தினர்கள் மிச்சச் சட்டிகளின் முத்திரையை உடைத்து, இலையில் பிடி வைக்கச் சொல்லி, ஆளுக்கு ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டார்கள். இப்படி ஒரு சுவையை எந்தக் கண்டத்திலும் கண்டதில்லை என்று தலைவர் சொன்னார்.

ஜீப் வளைவுகளில் இறங்கியது. பின்னால் சுருளியம்மாள் மாயக்காளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கடைவாய்ச் சோற்றை விரலால் வழித்தெடுத்துக்கொண்டே வந்தாள். மதினி, மதினி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தவள், பாதி மலையில் கூப்பிடுவதை நிறுத்தினாள். தவசி திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை இன்னும் வேகமாக விட்டான். வேகமாகப் போய் இனி ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

உடம்பில் சர்க்கரை குறைந்து போனதால் மரணம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இதைக் கேள்விப்பட்ட பேரவை, வரும் காலத்தில் கூட்டுப்பிடியோடு ஓர் இனிப்பும் சேர்ப்பது பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது.

மாயக்காளின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், போடியில் பெரிய கல்யாண மண்டபம் ஒன்றில் விழா. போகாமல் சாகக்கூடாத தலம் என்ற பட்டயம் ஊருக்கு வழங்கப்பட்டது. ஓட்டல்காரர்கள், ஜீப்காரர்கள், தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வராதவர்களுக்கு வேலை இல்லை என்று சுடலை சொல்லியிருந்தான். தவசியையும் ரோஜாவையும் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மண்டபத்தின் பின்பக்கம் விருந்தினருக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நெய் வாசம் முன்னால் வரைக்கும் வந்தது.

பிரபாகரன் பேசினார்.

"உலகில் எத்தனையோ நாடுகளில் மக்கள் உணவுக்காகக் கடல் கடந்து போகிறார்கள். பொருளைச் செலவு செய்கிறார்கள். காலத்தைச் செலவு செய்கிறார்கள். ஆனால் உணவுக்காக ஒருவர் உயிரையே கொடுத்தது நம் போடியில்தான். நண்டுத் தீவில் உண்டா? பாலாடைக்கட்டி நாட்டில் உண்டா? கையில் சோறு இருந்தும், மடியில் சட்டி இருந்தும், விருந்தினர் வரும்வரை உண்ணாமல் இருந்து மாண்டாரே அந்தத் தாய். பேரவை அவரைக் கட்டாயப்படுத்தியதா? இல்லை. அவரே விரும்பி இருந்தார். நாங்கள் முத்திரை மட்டும்தான் போட்டோம்."

கைதட்டல் எழுந்தது. பிரபாகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையாகவே அழுதார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

"பேரவை இதயமில்லாத நிறுவனம் அல்ல. வட்டத்தில் ஓர் இடம் காலியாக இருக்கக் கூடாது என்பது விதி. அந்த இடத்தைக் கருணை அடிப்படையில் மறைந்தவரின் மகள் ரோஜாவுக்கே வழங்குகிறோம். அதே இடம். விருந்தினருக்கு நேர் எதிரே."

ரோஜா மேடைக்குப் போனாள். ஒலிபெருக்கியை அவளிடம் நீட்டினார்கள்.

"எத்தன மணிக்கு சார் சாப்பாடு?" என்று கேட்டாள்.

"விருந்தினர் வந்த பிறகு அம்மா."

"வரலேன்னா?"

"வராமல் இருக்க மாட்டார்கள். இப்போது மூன்றாம் தரம் ஆயிற்றே."

"எங்கம்மாவுக்கும் இதத்தான சொன்னீங்க," என்றாள் ரோஜா. "எங்கம்மா சோத்துச் சட்டிய மடியில வச்சுக்கிட்டே செத்துப்போச்சு. உங்க வேலை எனக்கு வேணாம். நான் பசிச்சாத் தின்பேன். அம்புட்டுத்தான்."

ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தவசி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். இனி ஒவ்வொருத்தியாக எழுந்து வெளியே போய்விடுவார்கள் என்று தவசிக்குத் தோன்றியது. அத்தனை பேரும் மாயக்காளோடு ஒரே ஜீப்பில் போனவர்கள். அத்தனை பேரும் அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

பிரபாகரன் கோபப்படவில்லை. வித்யாவோடு ஏதோ கலந்து பேசிவிட்டு மறுபடி ஒலிபெருக்கியை எடுத்தார்.

"ஒரு வேலை காலியாக இருக்கிறது. விரும்புகிறவர்கள் கையைத் தூக்கலாம்."

தவசி திரும்பிப் பார்த்தான். மண்டபத்தில் பெண்கள் பக்கம் முழுக்கக் கைகளாக இருந்தது. சிலர் இரண்டு கையையும் தூக்கியிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று, எட்டிக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தவள் சுருளியம்மாள். ரோஜா அவளைப் பார்த்தாள். சுருளியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள், கையை மட்டும் இறக்கவில்லை.

"எனக்குப் போட்டுக் குடுங்க சார். ரெண்டு பிள்ளைக இருக்கு."

"நீங்கள் முன்பு தள்ளுபடி ஆனவர் அல்லவா?" என்றார் பிரபாகரன். "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?"

"ஒண்ணும் சாப்பிடல சார்," என்றாள் சுருளியம்மாள்.

அது பொய் இல்லை.